அன்பு மனதில் இருந்தால் மட்டும் போதுமா?

 

நமது அறக்கட்டளை மாதந்தோறும் ஆதரவற்ற முதியோருக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் அடங்கிய பையும், மருந்துச் செலவுக்கு ஒரு சிறு தொகையும் கொடுத்து வருவதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் ஜகாத்தும் ஸதகாவும்தான் அந்தப் பைகளில் போகின்றன. அதற்கான கணக்கை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறோம் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமிதமும் இருந்தது. அந்தப் பெருமிதத்தை ஒரு மூதாட்டி சென்ற ஆண்டு ஒரே வார்த்தையில் உடைத்துவிட்டார்.

மழைக்காலம் அது. பை கொடுக்கப் போன தம்பி அவசரத்தில் அதை வாசலில் வைத்து, நோட்டில் கைநாட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அந்த வீட்டில் தனியாக வசிக்கும் நன்னிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அடுத்த மாதம் எங்களில் ஒருவர் நேரில் போனபோது அவர் சொன்னார்: "தம்பி, மாசா மாசம் அரிசி வருது. ஆள் வரலையே. இந்த மாசம் அரிசியைப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டு, நீ அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போ."

மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எங்கள் யாரிடமும் பதில் இல்லை. கணக்குப் புத்தகத்தில் நன்னியின் பெயருக்கு நேராக எல்லா மாதமும் கைநாட்டு இருந்தது. அவர் கடைசியாக எப்போது ஒருவருடன் அமர்ந்து சாப்பிட்டார் என்று எழுத அதில் கட்டம் இல்லை. அவர் மீது எங்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அக்கறை எங்கள் மனதிலேயே இருந்துவிட்டது, அவர் வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

இந்த இதழில் நாம் பேச விரும்புவது இதைத்தான். அன்பு மிகப் பெரிய ஆற்றல் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த ஆற்றல் எப்போது வேலை செய்கிறது? மனதில் இருக்கும் அன்பு சொல்லாகவும் செயலாகவும் வெளியே வரும்போதுதான்.

*அண்ணலார் காட்டிய வழி*

நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் அன்பு ஒருபோதும் மனதுக்குள் பூட்டி வைத்த பொருளாக இருந்ததில்லை. நமக்கெல்லாம் தெரிந்த சில நிகழ்ச்சிகளை மீண்டும் நினைவுபடுத்திக்கொள்வோம்.

அண்ணலார் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டதைக் கண்ட அக்ரஃ பின் ஹாபிஸ் என்பவர் வியந்தார். தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். அண்ணலார் அவரைத் திரும்பிப் பார்த்து, இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்ற கருத்தைச் சொன்னார்கள். பிள்ளைகள் மீது அக்ரஃவுக்கு அன்பே இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த அன்பு பிள்ளைகளுக்குத் தெரியும்படி வெளிப்படவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. அண்ணலாருடன் அமர்ந்திருந்த ஒருவர், அவ்வழியே சென்ற மற்றொருவரைக் காட்டி, தாம் அவரை நேசிப்பதாகச் சொன்னார். அதை அவரிடம் சொல்லிவிட்டாயா என்று அண்ணலார் கேட்டார்கள். இல்லை என்றார். உடனே போய்ச் சொல்லும்படி அனுப்பினார்கள். அவரும் எழுந்து போய்ச் சொன்னார். நம்மில் எத்தனை பேர் உடன்பிறந்த தம்பியிடம் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறோம்? சொத்துப் பிரிக்கும் நாளில்தான் அண்ணன் தம்பி மனம் திறந்து பேசுகிறார்கள், அதுவும் வக்கீல் முன்னால்!

மூன்றாவது நிகழ்ச்சி, எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கி வந்த ஒரு பெண்மணி இருந்தார். சில நாட்களாக அவரைக் காணவில்லை என்பதைக் கவனித்த அண்ணலார் அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டதாகவும் அடக்கம் முடிந்துவிட்டதாகவும் தோழர்கள் தெரிவித்தனர். அதைப் பெரிய விஷயமாக அவர்கள் கருதவில்லை. தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்ட அண்ணலார், அந்த கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள்.

ஒரு சமுதாயத்தின் தலைவருக்கு எத்தனை அலுவல்கள் இருந்திருக்கும்! ஆனாலும் பள்ளியைப் பெருக்கும் ஒருவரைக் காணவில்லை என்பது அவர்கள் கண்ணில் பட்டது. இன்று நம் ஜும்ஆவில் வழக்கமாக முதல் ஸஃப்பில் நிற்கும் பெரியவர் மூன்று வாரம் வரவில்லை என்றால், அதைக் கவனிக்கிறவர் யார்? வராதவரைத் தேடுவதும் அன்பின் ஒரு பகுதிதான்.

*வீட்டிலிருந்து தொடங்குவோம்*

திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் 21வது வசனம் கணவன் மனைவி உறவைப் பற்றிப் பேசும்போது மவத்தத், ரஹ்மத் என்ற இரண்டு சொற்களைச் சொல்கிறது. நேசம், கருணை என்று நாம் பொருள் கொள்கிறோம். நேசம் மனம் இனிக்கும் நாட்களில் தானாக வரும். ஒருவர் நோயில் விழுந்த நாளிலும், தொழில் நொடித்த நாளிலும், கோபம் மூண்ட நாளிலும் தேவைப்படுவது கருணை. இரண்டும் சேர்ந்தால்தான் இல்லறம் நிற்கும்.

குடும்பத் தகராறுகளுக்காக ஜமாஅத்துக்கும் எங்களிடமும் வரும் தம்பதியரிடம் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். சீர், நகை, மாமியார் என்று காரணங்கள் பல சொல்லப்படும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போனால், அடியில் வேறொன்று இருக்கும். "ஒரு நாள்கூட நல்லா சமைச்சிருக்கேன்னு சொன்னதில்லை" என்பார் மனைவி. "வேலை முடிஞ்சு வந்தா ஒரு சிரிச்ச முகம் கிடையாது" என்பார் கணவர். பத்து ஆண்டுகளாகச் சொல்லாமல் விட்ட சின்ன வார்த்தைகள் சேர்ந்துதான் பெரிய வழக்காக எங்கள் முன் வந்து நிற்கின்றன.

அண்ணலார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் உதவுவார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து பல ஆண்டுகள் கழித்தும், ஆடு அறுக்கும்போது அவர்களுடைய தோழிகளுக்கு அண்ணலார் இறைச்சி அனுப்பி வைத்தார்கள். மறைந்த மனைவியின் தோழியர் யார் யார் என்று நினைவில் வைத்திருந்ததே எவ்வளவு பெரிய அன்பு!

பிள்ளைகள் விஷயத்திலும் இப்படித்தான். அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது அண்ணலாரிடம் பணிக்கு வந்தவர்கள். பத்து ஆண்டுகள் பணிவிடை செய்தும், தம்மை ஒரு முறைகூடச் 'சீ' என்று சொன்னதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். பரீட்சையில் மதிப்பெண் குறைந்த அன்று நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் வார்த்தைகளை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாழ்ந்த மதிப்பெண்ணைச் சரிசெய்துவிடலாம். "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று அத்தா சொன்னதை அந்தப் பிள்ளை முப்பது வயதிலும் மறப்பதில்லை.

*சபுராளி வீடுகள்*

நம் முஹல்லாவில் வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்கள் இல்லாத தெரு இல்லை. கொளுத்தும் வெயிலில் நின்று, நெருக்கடியான அறையில் தங்கி, தான் சாப்பிடாமல் மிச்சம் பிடித்து அவர்கள் அனுப்பும் பணம்தான் இங்கே பள்ளிக்கட்டணமாகவும் தங்கச்சி நிக்காஹ் செலவாகவும் மாறுகிறது. அதைவிடப் பெரிய அன்புச் செயல் எது என்று கேட்டால் எங்களுக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் அந்தப் பணம் எப்படி வருகிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை அத்தா என்பவர் போனில் வரும் முகம். அவர் கேட்கும் கேள்விகளும் "படிக்கிறியா, ஓதுறியா, அம்மா சொல்றதைக் கேட்கிறியா" என்ற மூன்றோடு முடிந்துவிடும். விடுமுறையில் அவர் வீட்டுக்கு வந்தால் சின்னப் பிள்ளை அருகில் போகத் தயங்குகிறது. வந்தவருக்கு மனம் உடைகிறது.

சபரில் இருக்கும் சகோதரர்களுக்கு எங்கள் வேண்டுகோள் எளிமையானது. பிள்ளையிடம் கணக்குக் கேட்பதைக் குறைத்து, உங்கள் நாளைச் சொல்லுங்கள். இன்று என்ன சமைத்தீர்கள், அறையில் உடன் தங்கியிருப்பவர் எந்த ஊர்க்காரர், வேலைத்தளத்தில் என்ன நடந்தது என்று பேசுங்கள். பிள்ளையின் தோழன் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு அடுத்த முறை விசாரியுங்கள். இங்கே இருக்கும் தாய்மார்களும், பணம் வராத மாதத்தில் மட்டும் அத்தாவின் கஷ்டத்தைப் பேசாமல், வந்த மாதத்திலும் பிள்ளைகளுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

*பெற்றோருக்குச் சட்டம் தருவதும் தர முடியாததும்*

முதுமையில் கைவிடப்படும் பெற்றோருக்காக நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வருமானமோ சொத்தோ கொண்டு தம்மைக் காத்துக்கொள்ள முடியாத பெற்றோர், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால், பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தரும்படி உத்தரவு பெறலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் செல்லாததாக அறிவிக்கக் கோரவும் இச்சட்டத்தில் வழி இருக்கிறது. முதியோர் ஆலோசனைக்கு 14567 என்ற இலவச எண்ணும் உண்டு. தேவைப்படுபவர்கள் வெட்கப்படாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மனு எழுத நாங்கள் உதவுவோம்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீர்ப்பாயம் பணம் வாங்கித் தரும். மகனை அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார வைக்க எந்தத் தீர்ப்பாயத்தாலும் முடியாது. பெற்றோர் விஷயத்தில் பிள்ளைகள் பெரிய கொடுமை எதுவும் செய்வதில்லை. பெரும்பாலான வீடுகளில் நடப்பது மிகச் சாதாரணமான ஒன்று. சாப்பாட்டுத் தட்டு அறைக்குள் போகிறது, மாத்திரை நேரத்துக்குப் போகிறது, மனிதர் போவதில்லை. எங்கள் பை அந்த நன்னியின் வாசலோடு நின்ற அதே கதைதான், ஒரே வீட்டுக்குள் நடக்கிறது.

*ஆய்வுகள் சொல்வது*

அன்பு உடலையும் காக்கிறது என்பதற்கு மருத்துவ உலகிலிருந்து இரண்டு செய்திகளைப் பகிர்ந்துகொள்கிறோம்.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரம் பொகோட்டா. 1978ஆம் ஆண்டு அங்கிருந்த ஒரு மகப்பேறு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குப் போதிய இன்குபேட்டர்கள் இல்லை. எட்கர் ரே என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி வைத்துக் கட்டி, அந்தச் சூட்டிலேயே வளர்க்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக் காப்பது போல இருந்ததால் கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று பெயர் வந்தது. கருவி இல்லாத குறைக்காகத் தொடங்கிய முறை, பின்னர் நடந்த ஆய்வுகளில் குழந்தை இறப்பையும் நோய்த்தொற்றையும் குறைப்பதாகத் தெரியவந்தது. இன்று உலக சுகாதார நிறுவனமே இதைப் பரிந்துரைக்கிறது. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இது நடைமுறையில் உள்ளது. தாயால் முடியாதபோது தந்தையோ பாட்டியோகூட இப்படிக் குழந்தையை அணைத்து வைத்திருக்கலாம். குறைமாதக் குழந்தை பிறந்த வீட்டார் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

இரண்டாவது, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை தொடரும் ஓர் ஆய்வு. வசதியான கல்லூரி மாணவர்களும், பாஸ்டன் நகரின் ஏழைப் பகுதிச் சிறுவர்களுமாக 724 பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் வாழ்நாள் முழுவதையும் கவனித்து வந்தார்கள். முதுமையில் யார் நலமாக இருக்கிறார்கள் என்று பார்த்தபோது, பணத்தையும் புகழையும் விட நெருக்கமான உறவுகளே முக்கியக் காரணமாகத் தெரிந்தன. ஐம்பது வயதில் தம் உறவுகளில் மனநிறைவோடு இருந்தவர்களே எண்பது வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள். தனிமை உடலையும் மூளையையும் சீக்கிரம் தளர்த்துகிறது என்பதும் தெரியவந்தது.

உறவைத் துண்டிப்பதை இஸ்லாம் ஏன் இவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க இதுவும் ஒரு வாய்ப்பு.

*அன்பின் பெயரால் அநீதி வேண்டாம்*

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறோம். கணவர் கை நீட்டுகிறார் என்று வந்த பெண்களிடம், "பொறுத்துப்போம்மா, அன்பா இருந்தா மாறிடுவார்" என்று சொல்லி அனுப்பிய காலம் உண்டு. சமாதானம் செய்துவிட்டோம் என்று நினைத்தோம். அப்படி அனுப்பப்பட்டவர்களில் சிலர் முன்பைவிட மோசமான நிலையில் திரும்பி வந்தார்கள். அடி வாங்குபவரிடம் அன்பைக் கேட்டு, அடிப்பவரிடம் எதையும் கேட்காமல் விடுவது அன்பு ஆகாது. அது அநீதிக்குத் துணை போவது.

இப்போது நாங்கள் முதலில் பார்ப்பது அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்பதைத்தான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனச்சோர்வில் இருப்பவர்கள் 14416 என்ற எண்ணில் பேசலாம். இவற்றைப் பயன்படுத்துவதால் குடும்ப மானம் போய்விடாது. சமாதானப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

*தெருவும் ஊரும்*

குழம்பு வைக்கும்போது கொஞ்சம் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் அறிவுறுத்தினார்கள். நன்றாகக் கவனியுங்கள், கறியைக் கூட்டச் சொல்லவில்லை, தண்ணீரைத்தான். வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாதபடி அவ்வளவு எளிதாக்கிவிட்டார்கள். அந்த அண்டை வீட்டார் எந்த மதத்தவர் என்றும் இதில் பிரித்துச் சொல்லப்படவில்லை. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது அண்ணலார் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்ற பொருளில் பதில் சொன்னார்கள்.

நம் தமிழ்நாட்டில் இதற்குச் சாட்சிகள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றியுள்ள மீனவக் கிராம மக்களுக்கு இடமும் உணவும் கொடுத்துப் பல நாட்கள் பார்த்துக்கொண்டார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்தன. கொரோனா காலத்தில், சொந்தக்காரர்களே அருகில் வர அஞ்சிய உடல்களை, மதம் பார்க்காமல் அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்தவர்களில் நம் இளைஞர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

ஆனால் பேரிடர் எப்போதோ ஒரு முறை வருவது. மற்ற நாட்களில் நடப்பவைதான் அடித்தளம். ரமலான் மாத அஸருக்குப் பிறகு நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு நிற்கும் வரிசையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். பொங்கலுக்கு நம் வீட்டுக்குக் கரும்பு வருகிறது, பெருநாளுக்கு நம் வீட்டிலிருந்து பிரியாணி போகிறது. இப்படி வாசல் தாண்டிப் பழகிய தெருவில் வதந்தி நுழைவது கடினம். பக்கத்து வீட்டு அக்காவை இருபது ஆண்டுகளாகத் தெரிந்த ஒருவர், அவர்களைப் பற்றி போனில் வரும் பொய்யை எளிதில் நம்பமாட்டார். அவர்களும் நம்மைப் பற்றி அப்படித்தான். புதிதாகக் கட்டும் வீடுகளில் சுற்றுச்சுவர் உயர்ந்துகொண்டே போகும் இந்தக் காலத்தில், இந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

உதவி செய்யும் முறையிலும் அன்பு வேண்டும். முன்பு நாங்கள் உதவி பெறுபவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தோம். நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்டவே அப்படிச் செய்தோம். ஒரு சகோதரி திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். விசாரித்தபோது, அந்தப் படத்தைப் பார்த்து அவர் மகனை வகுப்பில் கேலி செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அன்றோடு படம் எடுப்பதை நிறுத்திவிட்டோம். கணக்கு வேண்டுபவர்கள் அலுவலகத்துக்கு வந்து புத்தகத்தைப் பார்க்கலாம்.

*இந்த மாதம் நாம் செய்யக் கூடியவை*

1. நாள்தோறும் ஒரு வேளையாவது வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே விரிப்பில் அமர்ந்து, போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுவோம்.

2. பேசாமல் இருக்கும் உறவினர் ஒருவருக்கு நாமே முதலில் ஸலாம் சொல்வோம். யார் மேல் தவறு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3. தெருவில் தனியாக வசிக்கும் ஒருவரை வாரம் ஒரு முறை சென்று பார்ப்போம். கையில் எதுவும் கொண்டு போக வேண்டியதில்லை.

4. ஜும்ஆவுக்கு வழக்கமாக வந்து, இப்போது வராதவர்களைப் பற்றி விசாரிப்போம்.

5. மனைவியிடம், கணவரிடம், பிள்ளையிடம், வேலைக்கு வரும் சகோதரியிடம் ஒரு நல்ல வார்த்தையாவது அன்றாடம் சொல்லிப் பழகுவோம். முதல் சில நாட்கள் கூச்சமாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

தொடக்கத்தில் சொன்ன நன்னியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, அரபி மத்ரஸாவில் ஓதும் இரண்டு பெண்பிள்ளைகளை அஸருக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போய்வரச் சொன்னோம். அவருக்கு யாஸீன் மனப்பாடம் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாக அரிசி கொடுத்தவர்களுக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது! இப்போது அவர் முன்னால் உட்கார்ந்து பிள்ளைகள் ஓதுகிறார்கள், அவர் காது கொடுத்துக் கேட்டுத் திருத்துகிறார். இரண்டு பேர் இப்போது ஐந்து பேராகிவிட்டார்கள். ஒரு பிள்ளை ஒரு நாள் வராவிட்டால், "அந்தப் புள்ளைக்கு என்ன, காய்ச்சலா?" என்று எங்களுக்கு ஆள் அனுப்பிக் கேட்கிறார். அரிசிப் பை வழக்கம்போல் மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கிறது.

நம் உள்ளங்களில் உள்ள அன்பை நம் நாவுகளிலும் கைகளிலும் வெளிப்படச் செய்து, நம் வீடுகளையும் தெருக்களையும் ஊரையும் அதனால் நிரப்பிட வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்